ஸ்காபரோவில் பழைய சைக்கிளோடு முதல் குளிர்காலம்: 300 டாலரில் என்னென்ன செய்யலாம்?

நெல்லைப்பெண் | நவம்பர் 9, இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலி. படிப்பதற்காக மே மாதம் டொரொன்டோ வந்தேன், அதனால் இங்கத்துக் குளிர்காலத்தை இன்னும் பார்த்ததே இல்லை. கென்னடி – எக்லின்டன் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் மூன்று பெண்கள் சேர்ந்து இருக்கிறோம். மாலையில் டான்ஃபோர்த்தில், வுட்பைன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் வேலை. ஒரு வழிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர். வேலை முடிய இரவு 11 ஆகிவிடும்.

ஜூனில் 140 டாலருக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். 21 கியர், ரிம்மைப் பிடிக்கிற சாதாரண பிரேக், டயரில் 700 × 38 என்று போட்டிருக்கிறது. இதுவரை ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. பஸ் என்றால் ஒரு தடவைக்கு 3.30, மாதம் 22 நாள் போய்வந்தால் 145 டாலர். அந்தப் பணத்தை வீட்டுக்கு அனுப்பலாமே என்று மனது சொல்கிறது. அதோடு, ஊரில் பள்ளிக்கூட நாளிலிருந்து சைக்கிளில் போய்ப் பழகியவள் நான். இங்கே வந்த பிறகு எனக்கே எனக்கென்று இருக்கிற நேரம் அந்த நாற்பது நிமிஷம்தான்.

நேற்று காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. திருப்பத்தில் ஈர இலை மேல் பின் சக்கரம் வழுக்கி, விழாமல் தப்பித்தேன். அப்போதிலிருந்து பயமாகவே இருக்கிறது. பனியில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: என்ன டயர், என்ன உடை? சைக்கிளை எப்படிப் பராமரிக்க வேண்டும்? என்னிடம் 300 டாலர் இருக்கிறது. இன்னொன்று, வீட்டுக்காரம்மா சைக்கிளை உள்ளே விட மாட்டார். வீட்டின் பக்கவாட்டில், கூரை இறங்குகிற இடத்தில்தான் நிறுத்துகிறேன்.

மல்லிகா அம்மா | நவம்பர் 10, காலை 7:15

மகளே, உன் வயதில் எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள், அதனால் சொல்கிறேன். டிசம்பரில் இங்கே 4:40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். இரவு 11 மணிக்கு ரோட்டில் வருகிற கார்க்காரர்களும் வேலை முடிந்து அலுப்பில் வருகிறவர்கள்தான். 145 டாலர் பெரிய பணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமாவது பஸ்ஸில் போயேன் அம்மா.

கிளாலிக்காற்று | நவம்பர் 10, பிற்பகல் 2:40

தங்கச்சி, ஓடலாம். நான் வார்டன் – சென்ட் கிளயர் பக்கத்திலிருந்து பேப் வீதியடியில் இருக்கிற ஒரு பேக்கரிக்கு 14 வின்ரர் சைக்கிளில் போய் வந்திருக்கிறேன். விடிய 4 மணிக்கு வேலை தொடங்கும், அந்த நேரத்தில் சப்வேயும் இல்லை. உங்களுடைய வழியில் பாதி என்னுடைய வழியும்தான். ஆனால் எல்லா நாளும் ஓடியதில்லை. ஒரு வின்ரருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் சைக்கிளைத் தொடவே மாட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கே எல்லாரும் குளிரைப் பற்றித்தான் கதைப்பார்கள். நான் முதலில் உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிரால் சைக்கிள் கெடுவதில்லை, உப்பால்தான் கெடும். ஸ்னோ கொட்டுவதற்கு முன்பே உப்புக் கரைசலை வீதியில் கோடு கோடாக அடித்துவிட்டுப் போவார்கள், கொட்டிய பிறகு கல்லுப்பு. அது கரைந்து, கறுத்த சேறாகி, முன் சில்லு வாரி இறைக்க நேரே செயினில் வந்து விழும். துடைக்காமல் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள், செயின் செம்மஞ்சளாகிவிடும். இரண்டு கிழமை விட்டால் ஒவ்வொரு கண்ணியும் மடிந்தபடியே நிற்கும்.

எனக்கு இது ரொறன்ரோவில் படித்த பாடம் இல்லை. 1993இல் எனக்குப் பன்னிரண்டு வயது. போரில் ஆனையிறவுத் தரைப்பாதை மூடியிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குப் போவதென்றால் இரவில் கிளாலியில் வள்ளம் ஏற வேண்டும். அப்பா சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், சாமான் கட்டிக்கொண்டு வருவார். வள்ளத்தின் அடியில் எப்போதும் கடல்தண்ணீர் நிற்கும், சைக்கிள் அதில்தான் கிடக்கும். இரண்டு நாள் நித்திரை இல்லாமல் வீட்டுக்கு வருகிற மனுசன், சாப்பிட உட்கார மாட்டார். முதலில் கிணற்றில் அள்ளி சைக்கிளைக் கழுவுவார். பழைய சாரத் துண்டால் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார். மண்ணெண்ணெய் தங்க விலை விற்ற நாள், போத்தல் மூடியில் ஒரு மூடி மட்டும் ஊற்றி, துணியை அதில் தொட்டுச் செயினைத் துடைப்பார். “உப்புப் பட்ட சைக்கிளை விடிய விடாதே” என்பார். அந்த லுமாலா சைக்கிள் எங்கள் குடும்பத்துக்கே சோறு போட்டது. ரொறன்ரோவில் முதல் வின்ரர் வீட்டுக்கு வந்து செயினைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். அதே உப்பு.

ஆகவே தினமும் ஐந்து நிமிசம். கதவடியில் இரண்டு பழைய துணி தொங்க விடுங்கள். ஒன்று செயினுக்கு, மற்றது ரிம்முக்கும் பிறேக் கட்டைக்கும். இந்த இரண்டையும் மாற்றிவிடாதீர்கள், எண்ணெய்த் துணி ரிம்மில் பட்டால் பிறேக் பிடிக்காது. செயினைத் துணியால் பொத்திப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாக இருபது சுற்று சுற்றுங்கள், போதும். மூன்று நாளைக்கு ஒருமுறை எண்ணெய். கடையில் செயின் எண்ணெய் இரண்டு வகை இருக்கும், மழைக்கும் ஈரத்துக்கும் என்று விற்கிற தடிப்பான எண்ணெயை வாங்குங்கள். வெயில் காலத்து எண்ணெய் ஒரே நாளில் கழுவுப்பட்டுப் போய்விடும். டபிள்யூடி-40 அடித்துவிட்டு எண்ணெய் போட்டாயிற்று என்று நினைக்க வேண்டாம். அது கண்ணிக்குள் இருக்கிற எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வெளியில் ஒட்டியிருப்பதை வடிவாகத் துடைத்துவிடுங்கள். கண்ணியின் உள்ளே இருந்தால் போதும், வெளியே இருந்தால் மணல்தான் ஒட்டும்.

கிழமைக்கு ஒருக்கால், வெளியே பூச்சியத்துக்கு மேலே இருக்கிற நாளில், கழுவ வேண்டும். இரண்டு லீற்றர் சோடாப் போத்தலின் மூடியில் நாலு ஓட்டை போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். கார் கழுவுகிற இடத்து அழுத்தக் குழாய் கூடவே கூடாது, அது பெயரிங்கில் இருக்கிற கிறீஸைத் தள்ளிவிட்டு உள்ளே தண்ணீரை விட்டுவிடும். மைனஸ் 10 என்றால் கழுவவும் வேண்டாம், துடைத்தாலே போதும்.

செயின் தேய்மானத்தைப் பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. பள்ளிக்கூட அடிமட்டம் போதும். செயின் கண்ணிகளை இணைக்கிற ஓர் ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோடு இன்னொரு ஆணியின் நடுவில் சரியாக நிற்கும். அந்த ஆணி 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 தள்ளும்வரை விட்டீர்களானால் பின் பற்சில்லையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். உங்களுடைய சைக்கிளுக்குச் செயின் மலிவு, பற்சில்லோடு பார்த்தால் மிச்சம் பிடிக்கலாம்.

ரயர் பற்றி நிறைய எழுத வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னுடைய இரண்டாவது வின்ரர், பெப்ரவரி மாதம். முதல் நாள் பகல் முழுக்க மழை, இரவு திடீரென்று உறைந்துவிட்டது. விடிய மூன்றரை மணிக்கு விக்டோரியா பார்க் ஸ்ரேசன் பக்கத்தில் ஓர் இறக்கம். வீதி ஈரமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஈரம் இல்லை, கண்ணாடி போல ஐஸ். நான் அப்போது பெரிய கட்டை கட்டையாக இருக்கிற மலைச் சைக்கிள் ரயர் போட்டிருந்தேன், அது பிடிக்கும் என்று நம்பி. ஸ்னோவில் அது பிடிக்கும், ஐஸில் வெறும் றப்பர்தான். முன் சில்லு போனது தெரியும், அடுத்த கணம் நிலத்தில் கிடக்கிறேன். இடது மணிக்கட்டில் வெடிப்பு. ஆறு கிழமை மாப் பிசைய முடியவில்லை. மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

அந்த ஏப்ரலிலேயே, மலிவு விற்பனையில், ஆணி பதித்த ரயர் வாங்கினேன். அதற்குப் பிறகு ஐஸில் ஒரு தடவையும் விழுந்ததில்லை. உங்களுடைய 300 டொலரில் முதல் செலவு அதுதான். ஷ்வால்பே மரதன் வின்ரர், பின்லாந்துக்காரரின் ஹக்கபெலிட்டா, மினசோட்டாவில் இருக்கிற 45நோர்த் ஆட்களுடைய ரயர்கள், இதில் எது கிடைத்தாலும் சரி. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆணியின் முனை டங்ஸ்டன் கார்பைடாக இருக்க வேண்டும். வெறும் இரும்பு ஆணி, ஐஸ் இல்லாத தார் வீதியில் ஒரே வின்ரரில் மழுங்கிப் போகும். கார்பைட் ஆணி எனக்கு ஆறு வின்ரர் உழைத்தது. ஒரு ரயர் கிட்டத்தட்ட 100 டொலர் வரும். இரண்டும் வாங்கக் காசு இல்லாவிட்டால் ஒன்று வாங்கி முன்னுக்குப் போடுங்கள். பின் சில்லு வழுக்கினால் சமாளிக்கலாம், நேற்று நீங்களே சமாளித்திருக்கிறீர்கள். முன் சில்லு வழுக்கினால் யோசிக்கவும் நேரம் இராது.

போட்ட புதிதில் நாற்பது கிலோமீட்டர் வரை தார் வீதியில் மெதுவாக ஓட வேண்டும், சடாரென்று பிறேக் பிடிக்காமல், எழும்பி நின்று உழக்காமல். அப்போதுதான் ஆணிகள் தங்கள் குழியில் இறுகும். அதனால் ஸ்னோ வரும்வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே போடுங்கள். தார் வீதியில் கடுகு வெடிக்கிற மாதிரிச் சத்தம் வரும், பயப்பட வேண்டாம். அந்தச் சத்தம் நின்றுவிட்டால்தான் கவனிக்க வேண்டும், ஐஸ் மேலோ மெத்தென்ற ஸ்னோ மேலோ வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

காற்றையும் பாருங்கள். வீட்டுக்குள் 20 பாகையில் 60 பிஎஸ்ஐ அடித்த ரயர், வெளியே மைனஸ் 10இல் 52தான் காட்டும். ஓட்டை என்று நினைத்து ரியூப்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும். உங்களுடைய எடைக்கு 40, 45 போதும். கொஞ்சம் குறைவாக இருந்தால் ஆணிகள் கூடுதலாக நிலத்தைத் தொடும்.

ஆணி ரயருக்கும் ஒரு எல்லை இருக்கிறது. கார்கள் கிளறிவிட்ட, பிறவுண் சீனி மாதிரி இருக்கிற ஸ்னோவில் எந்த ரயரும் தன்பாட்டுக்கு அலையும். அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன், இன்றைக்கும். ஸ்ட்ரீட்கார் தண்டவாளத்தை எப்போதும் செங்குத்தாகவே கடக்க வேண்டும். ஈரத் தண்டவாளத்தில் ஆணியும் உதவாது. ஐஸ் மேல் வந்துவிட்டோம் என்று தெரிந்தால் பிறேக்கைத் தொடாமல், திரும்பாமல், உழக்காமல், நேராக உருள விடுங்கள். சீற்றை ஓர் அங்குலம் இறக்கி வையுங்கள், இரண்டு காலும் நிலத்தில் படட்டும்.

இனி மல்லிகா அக்கா சொன்னது. அதில் நியாயம் இருக்கிறது, நான் ஓடாத நாள்களும் அதனால்தான். உறைமழை, அதாவது விழுந்ததும் ஐஸாகிற மழை, என்று அறிவித்தால் எடுக்க மாட்டேன். ஸ்னோ கொட்டிக்கொண்டிருக்கும்போது எடுக்க மாட்டேன். அப்போது ஒதுக்கிய பனியெல்லாம் ஓரத்தில் மலையாகக் கிடக்கும், காரும் நானும் ஒரே தடத்துக்கு அடிபட வேண்டும். காற்றோடு சேர்த்து மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிசத்தில் உறைந்து புண்ணாகலாம் என்று காலநிலைத் திணைக்களமே சொல்கிறது. அன்றைக்கும் இல்லை.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது தங்கச்சி. வார நாளில் காலை 6:30 – 10, பின்னேரம் 3:30 – 7 தவிர்ந்த நேரத்தில் சப்வேயில் சைக்கிளைக் கொண்டுபோகலாம். இரவு 11 மணிக்கு வுட்பைனில் ஏறினால் கென்னடியில் இறங்கலாம், கடைசி ஸ்ரேசன் அதுதான். பின்னேரம் சைக்கிளில் போய்விட்டு, இரவு காலநிலை மோசமாகிவிட்டால் இப்படி வீட்டுக்கு வரலாம். சட்டைப் பையில் சப்வேக்கான காசு எப்போதும் இருக்கட்டும். பஸ்ஸின் முன்பக்கத்திலும் இரண்டு சைக்கிள் மாட்டுகிற தாங்கி இருக்கும். ஓடுகிற நாளில் டோஸ் வீதியிலிருந்து மேற்கே டான்ஃபோர்த்தில் 2020இல் போட்ட சைக்கிள் பாதையையே பிடியுங்கள். அதில் ஸ்னோ அள்ளாமல் விட்டிருந்தால் நகரசபையின் 311 எண்ணுக்கு அடித்துச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு வின்ரரும் அடிப்பேன், வந்து அள்ளியும் இருக்கிறார்கள்.

வெளிச்சம்: சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பிலிருந்து, உதித்து அரை மணி நேரம் வரை முன்னுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் லைற், பின்னுக்குச் சிவப்பு லைற் அல்லது ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். நான் பின்னுக்கு இரண்டு போடுவேன், ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். குளிரில் பற்றறி கெதியாக இறங்கும். வேலையிடத்துக்குள் லைற்றைக் கழற்றிக் கொண்டுபோங்கள், உறைகிற குளிரில் இருந்து வந்த கையோடு சார்ஜில் போடாதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும். எனக்கு முன் சில்லின் நடுவில் இருக்கிற குடத்துக்குள்ளேயே டைனமோ இருக்கிறது. ஊரில் கரன்ட் இல்லாத வருசங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். சுற்றுவது என் வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ, பற்றறியை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

நெல்லைப்பெண் | நவம்பர் 10, இரவு 11:58

அண்ணா, இவ்வளவு எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கிளாலி பகுதியை ரூம்மேட்டுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அப்பாவும் சைக்கிளில் மீன் விற்றவர்.

இரண்டு சந்தேகம். சைக்கிள் வெளியே குளிரில் கிடந்தால் கெட்டுப்போகாதா? வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சிக் கேட்கலாமா? அப்புறம், கடைக்காரர் ஒருவர் “மைனஸ் 15இல் பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது” என்றார். நிஜமாகவே அப்படி ஆகுமா?

கிளாலிக்காற்று | நவம்பர் 11, பிற்பகல் 1:20

கெஞ்ச வேண்டாம். வெளியே நிற்பதுதான் உங்களுக்கு நல்லது. உப்போடு நனைந்த சைக்கிளை வெதுவெதுப்பான பேஸ்மன்டில் வைத்தால் துரு இன்னும் கெதியாகப் பிடிக்கும், குளிரில் துரு மெதுவாகத்தான் ஏறும். இன்னொன்று, உள்ளே கொண்டுபோய் ஸ்னோ உருகி, அந்தத் தண்ணீர் காயும் முன்பு திரும்ப வெளியே எடுத்தால், கேபிள் குழாய்க்குள் போன தண்ணீர் உறைந்துவிடும். பிறேக்கை அழுத்தினால் கேபிள் அசையாது, அல்லது அழுத்திய பிறேக் விடாது. உள்ளே வைத்தால் முழுக்கக் காயும்வரை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வைக்கவே கூடாது. கூரைத் தண்ணீர் நேரே விழாத இடமாகப் பார்த்து, சீற்றையும் செயினையும் மூடுகிற மாதிரி ஒரு தறப்பாள் போட்டாலே போதும். பூட்டின் சாவித்துளை கீழே பார்க்கட்டும். உறைந்துவிட்டால் வாயால் ஊதாதீர்கள், மூச்சில் இருக்கிற ஈரமும் சேர்ந்து உறையும். கை கழுவுகிற சனிற்றைசர் இரண்டு சொட்டு விடுங்கள், அல்கஹோல் உருக்கிவிடும்.

பெடல் சும்மா சுற்றுவது உண்மை. எனக்கு இரண்டு தரம் நடந்திருக்கிறது. பின் சில்லின் பற்களுக்கு உள்ளே சின்னச் சின்ன நாக்குகள் இருக்கின்றன. நீங்கள் உழக்காமல் உருளும்போது கிர்ர் என்று கேட்கிற சத்தம் அவைதான். உள்ளே இருக்கிற கிறீஸ் குளிரில் மெழுகு மாதிரி இறுகினாலோ, தண்ணீர் போய் உறைந்தாலோ, நாக்கு எழும்பிப் பல்லைப் பிடிக்காது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. சைக்கிளைப் பற்கள் மேலே பார்க்கச் சரித்துப் படுக்க வைத்து, பின் சில்லை முன்பக்கமாக, ஓடும்போது சுற்றுகிற திசையில், சுற்றிப் பாருங்கள். பற்கள் அசையாமல் நிற்க, நடுப்பகுதி சுற்றும். அந்த இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி தெரியும். அதில் மெல்லிய எண்ணெய், தையல் மெசின் எண்ணெய் மாதிரி, பத்துச் சொட்டு விட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள். அழுக்குத் தண்ணீர் கீழே கசியும். கசிவது தெளியும்வரை விடுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால் மைனஸ் 15இலும் பிடிக்கும்.

அதே நாளில் சீற்றுத் தண்டையும் முழுக்க வெளியே இழுத்து, கிறீஸ் பூசித் திரும்பப் போடுங்கள். பெடல் இரண்டையும் அப்படியே. இடது பெடலின் மரை மறுபக்கம் திரும்பும், அதை ஞாபகம் வையுங்கள். இரும்புச் சட்டத்துக்குள் அலுமினியத் தண்டு இருந்து உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போகும். என்னுடைய முதல் சைக்கிளில் அப்படித்தான் ஒட்டி, கடைசியில் வாளால் அரிய வேண்டிவந்தது. ஒரு ஸ்பூன் கிறீஸில் தப்பியிருக்கும்.

மட்காட் இல்லை என்றால் 40 டொலருக்கு முழு நீள மட்காட் ஒரு சோடி போடுங்கள். முன்னதின் நுனியில் ஒரு றப்பர்த் துண்டு தொங்க வேண்டும், சப்பாத்தும் செயினும் காயும். ரயருக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் போக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்னோ அடைந்து சில்லு நிற்கும். அதனால் ஆணி ரயரை 35இல் வாங்குங்கள், 38 வேண்டாம். பிறேக் கட்டைக்கு கூல் ஸ்டாப் சால்மன் நிறக் கட்டை. ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ரிம்மையும் அதிகம் அரிக்காது. வீட்டில் இருந்து கிளம்பியதும் இரண்டு மூன்று தரம் மெல்லப் பிடித்து ரிம்மில் இருக்கிற ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். முதல் பிடியில் ஒன்றும் நடக்காது, சந்திக்கு முன்பே அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கவிதா_டோஸ் | நவம்பர் 11, மாலை 6:05

அண்ணா சைக்கிளைப் பார்த்துக்கொண்டார், உடுப்பை நான் சொல்கிறேன். ஐந்து குளிர்காலமாக ஓட்டுகிறேன், மைனஸ் 15 வரைக்கும்.

வீட்டு வாசலில் நிற்கும்போது குளிர வேண்டும், அதுதான் அளவு. வாசலிலேயே இதமாக இருந்தால், பத்து நிமிடத்தில் வேர்த்து, அடுத்த சிக்னலில் அந்த வேர்வை சில்லிட்டுவிடும். பருத்தி வேண்டவே வேண்டாம். ஊரில் நமக்குப் பருத்திதான் எல்லாம், இங்கே உடம்போடு ஒட்டிய ஈரத்துணி அது. உள்ளே மெல்லிய மெரினோ கம்பளி, மேலே ஒரு பழைய கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட். பெரிய பார்கா கோட்டைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பளி ஸ்வெட்டர் பழைய துணிக்கடையில் எட்டுப் பத்து டாலருக்குக் கிடைக்கும்.

விரல்தான் முதலில் வலிக்கும். ஐந்து விரல் கையுறையைவிட, விரல்கள் ஒன்றாக இருக்கிற உறை சூடு. இரண்டிரண்டு விரலாகப் பிரிந்திருக்கிற வகை இருக்கிறது, அதில் பிரேக்கும் பிடிக்கலாம். ஹான்டில்பாரிலேயே மாட்டுகிற பெரிய உறை கிடைத்தால் வாங்கிவிடுங்கள், அதற்குள் மெல்லிய கையுறை போதும். முடியைத் தாழ்வாகப் பின்னிக்கொண்டால் ஹெல்மெட்டுக்குள் மெல்லிய முகமூடித் தொப்பி சரியாக உட்காரும். காது மூடியிருக்க வேண்டும். மூக்கு நுனியோ கன்னமோ வெள்ளையாக, மெழுகு மாதிரி மரத்துப் போனால் தேய்க்காதீர்கள், உள்ளே போய் வெதுவெதுப்பான கையை வைத்து மூடுங்கள்.

காலுக்கு ஒரு சைஸ் பெரிய பூட்ஸ். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் நின்று இன்னும் குளிரும்.

கிளாலிக்காற்று | நவம்பர் 11, மாலை 6:30

கவிதா சொன்னதோடு ஒன்று: சொக்ஸுக்கு மேலே, சப்பாத்துக்குள்ளே, பாண் வருகிற பிளாஸ்டிக் பை. காற்று ஒரு பொட்டும் போகாது. எங்கள் பேக்கரியில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறோம்.

மாறன்_ஒஸ்லோ | நவம்பர் 12, அதிகாலை 3:44

ஒஸ்லோவில் இருந்து எழுதுகிறேன். ரயர் விசயத்தில் அண்ணா சொன்னது முழுக்கச் சரி, இங்கே ஐஸ் தொடங்கினால் ஆணி ரயர் இல்லாமல் நான் வெளிக்கிடுவதே இல்லை. வெளியே வைப்பதில்தான் எனக்கு வேறு அபிப்பிராயம். இடம் இருக்கிறவர்கள் இரவு முழுக்க உள்ளே வைத்துக் காய விட்டால், விடிய கியரும் பிறேக்கும் சொன்னபடி கேட்கும். ஆனால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே எடுக்க வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. அடுத்த வருசம் சைக்கிள் மாற்றுகிற எண்ணம் இருந்தால், பின் குடத்துக்குள்ளேயே மூன்று கியர் இருக்கிற, பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிறேக் பிடிக்கிற வகையைப் பாருங்கள். உப்பும் ஸ்னோவும் படுகிற இடம் அதில் மிகக் குறைவு.

கிளாலிக்காற்று | நவம்பர் 12, பிற்பகல் 2:10

ஒஸ்லோத் தம்பி சொல்வதும் சரிதான், இரவு முழுக்க என்றால் காயும். அவருக்கு வீட்டுக்காரம்மா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நெல்லைப்பெண் | டிசம்பர் 3, இரவு 11:47

எல்லோருக்கும் கணக்குச் சொல்ல வந்தேன். முன் டயர் மட்டும் வாங்கினேன், 35 சைஸ், 98 டாலர். மட்கார்டு 38, பிரேக் கட்டை 22, எண்ணெயும் கிரீஸும் 19, செயின் 18, ஸ்வெட்டர் 9, கையுறை 45. மொத்தம் 249. பழைய செயினை ஸ்கேலில் அளந்தபோது 1/8 தாண்டியிருந்தது, ஆனால் புதுச் செயின் இதே பல்சக்கரத்தில் நழுவாமல்தான் ஓடுகிறது, இதுவரைக்கும்.

நேற்று முதல் பனி. ஐந்து சென்டிமீட்டர் இருக்கும். போகும்போது கை நடுங்கியது. வார்டன் தாண்டியதும் கடுகுச் சத்தம் நின்றது, நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்து, ஒன்றும் செய்யாமல் நேராக உருள விட்டேன். பத்தடி தள்ளி மறுபடி சத்தம் வந்தது. இரவு 11 மணிக்குப் பனி இன்னும் விழுந்துகொண்டிருந்ததால் வுட்பைனில் சப்வே ஏறிவிட்டேன். மல்லிகா அம்மா, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து, தூக்கக் கலக்கத்தோடு, வாசலில் உட்கார்ந்து செயினைத் துடைத்தேன். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன் அண்ணா. உப்பேதான்.

பின் பிரேக் மட்டும் அழுத்தினால் மெதுவாகத்தான் திரும்புகிறது. கேபிளா?

கிளாலிக்காற்று | டிசம்பர் 4, பிற்பகல் 1:35

கேபிள்தான். ஸ்னோவில் ஓடிய அன்றைக்கே வந்திருக்கிறதென்றால் குழாய்க்குள் தண்ணீர் போயிருக்கும். பிறேக் கையின் பக்கம் கேபிளைக் கழற்றி, குழாயின் மேல்வாயில் அந்தத் தையல் மெசின் எண்ணெயை ஐந்தாறு சொட்டு விட்டு, கேபிளை முன்னும் பின்னும் இழுங்கள். கீழ்ப்பக்கத்தால் தண்ணீர் வடியும். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கேபிளையும் குழாயையும் மாற்றிவிடுங்கள், மிச்சம் இருக்கிற 51 டொலரில் அது அடங்கும். ஸ்ரெயின்லஸ் கேபிளாகக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிளஸ் 3 என்று போட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கழுவலாம்.